கேட்காமல் போட்ட கையெழுத்து

அப்பா சங்கு குளிக்கிறவர். திரேஸ்புரத்துப் படகில் போய், காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் சங்கு தேடுவார். மேலே அவருடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பது என் தாய்மாமா. எங்கள் கரையில் அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். அவள் தாலியை நினைத்தாவது கண் அயர மாட்டான் என்றுதான். கீழே இருப்பவர் கயிற்றை ஆட்டினால்தான் மேலே இருப்பவர் இழுக்கலாம். அவசரப்பட்டு இழுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரையால் அப்பாவின் இடது பாதம் கறுத்துப்போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னிடம் இரண்டு வழி சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், உயிருக்கு அதுதான் பாதுகாப்பு. இல்லையென்றால் விரல்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். கால் மிஞ்சலாம், விஷம் ஏறி ஆளே போகவும் செய்யலாம்.

"முடிவு அவர்தான் சொல்லணும். நான் வந்து பேசட்டுமா?"

"பேசியாச்சு சார். காலை எடுக்கச் சம்மதம்னுட்டாங்க."

பச்சைப் பொய். காய்ச்சலில் அனத்தினாலும், கேட்டால் பதில் சொல்லும் நிலையில்தான் அப்பா இருந்தார். கடலுக்குப் போக முடியாதென்றால் செத்தே போகிறேன் என்பாரோ என்று எனக்குப் பயம். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். நாலு எழுத்துப் படித்த திமிரும் இருந்தது. படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். அப்பாவிடம், "புண்ணச் சுத்தம் பண்ணுதாங்கப்பா" என்றேன். நம்பித் தலையாட்டினார்.

மறுநாள் போர்வைக்கு மேலே கையால் தடவிப் பார்த்தார். இடது பக்கம் பாதி தட்டையாகக் கிடந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமல், கால்மாட்டில் நின்ற மாமாவைக் கேட்டார்:

"மச்சான், நான் கயித்த ஆட்டுனனா?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் முந்தி இழுத்ததில்லை.

"நான்தாம்ப்பா. நீங்க வேண்டாம்னுருவீங்கன்னு பயந்துட்டேன்."

அப்போதுதான் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, என் காலு அழுகுனது எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா நானே வெட்டச் சொல்லியிருப்பேன்."



டாக்டர் வந்து, அடுத்து என்ன செய்வது என்று வழக்கம்போல என்னைப் பார்த்தே பேசத் தொடங்கினார். "அப்பாகிட்டயே சொல்லுங்க சார். அன்னைக்கு நான் அவங்ககிட்ட கேக்கவே இல்ல" என்றேன். டாக்டரின் முகம் மாறிப்போனது. ஸ்டூலை இழுத்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"மொதல்ல இவன வெளிய போவச் சொல்லுங்க" என்றார் அப்பா.

போனேன். கதவுக்கு வெளியே மாமாவின் பக்கத்தில் நின்றேன். உள்ளே அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.