எழுதி ஒட்டிய குசினி

இந்த டிசம்பர் பிறந்ததுமே சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. அனுப்பியவள் என் மகள் ஷீலா. கிறிஸ்துமஸ் பரிசு போலிருக்கிறது என்று ஆசையாகப் பிரித்தால், ஒன்றுக்குள் ஒன்று செருகிய பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒரு கட்டு வெள்ளை ஸ்டிக்கர், ஒரு கறுப்பு மார்க்கர். அன்று சாயங்காலமே போனில் கூப்பிட்டாள்.

"பா, குசினியில உள்ளத எல்லாம் வெளிய எடுத்துப் போடுங்க. டப்பாவுல கொட்டி, மேல எழுதி ஒட்டுங்க. ஓப்பன் ஹவுஸ் அன்னிக்கி யாரும் எதையும் தேட வேணாம். டென்ஷனே இல்ல லா."

என் மனைவி ரோசலின் போனபின் வருகிற முதல் கிறிஸ்துமஸ் இது. ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டு ஓப்பன் ஹவுஸ் என்றால் காலைப் பூசை முடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை விருந்துக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் ஷீலா முதலில் சொன்னாள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த ஒரு நாளாவது வீட்டுக்குள் மனிதக் குரல் கேட்கட்டும் என்று இருந்தது. தனியாக இருந்து பாருங்கள், ஐஸ்பெட்டி உறுமுவதுகூடப் பேச்சுத்துணை மாதிரி ஆகிவிடும்.

எழுதி ஒட்டுவது எனக்குப் புதிதல்ல. ஈப்போவில் லாரி உதிரிப்பாகம் விற்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நட்டு, போல்ட்டு, பேரிங் எல்லாம் என் கையெழுத்தில் பெயர் சூடிக்கொண்டு வரிசையில் நிற்கும். கல்யாணமான புதிதில் அதே மிடுக்கோடு குசினிக்குள்ளும் நுழையப் பார்த்தேன். ரோசலின் கையில் கரண்டியோடு வாசலை மறித்தாள்.

"ஒங்க ஸ்டோர ஆபீசோட வெச்சிக்குங்க. எழுதி ஒட்டிட்டா அப்புறம் நீங்க என்கிட்ட பேசவே மாட்டீங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அவளிடம் நான் பேசியதில் பாதி 'எங்க?' என்றுதான் முடிந்திருக்கும். சீனி எங்க, உப்பு எங்க, என் கண்ணாடி எங்க. அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் வரும். "பால்மாவு டின்னுல." பால்மாவு டின்னில் சீனி, பிஸ்கட் டின்னில் காய்ந்த மிளகாய், ஐஸ்கிரீம் டப்பாவில் நெத்திலி. அந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து ஏமாந்த பிள்ளைகள் எங்கள் சொந்தத்தில் நிறையப் பேர் உண்டு.

சரி, மகள் சொல்லிவிட்டாள் என்று வேலையில் இறங்கினேன். டின்களைக் காலி செய்து டப்பாக்களில் கொட்டினேன். துருப்பிடித்த டின்களை வாசலில் குப்பைக்கு வைத்தேன். கீழ் அலமாரியைத் திறந்தபோது பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை குப்பென்று வந்தது. உள்ளே கையை விட்டால், பேப்பரில் சுற்றிய அச்சு முறுக்கு அச்சு. பிடியில் மங்கிப்போன சிவப்பு பெயிண்ட். அதைப் பார்த்ததும் கால் மடக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சிவப்பு, கனகம் அக்கா வீட்டுச் சிவப்பு. கோப்பெங்குக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவர்கள். அப்பா, அம்மா, கனகம் அக்கா, அவர் புருஷன் எல்லாருமே மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். வரிசை வீடுகளாக இருந்த அந்த லயத்தில் எந்த வீட்டிலும் முழு சாமான் கிடையாது. பலகாரம் பொரிக்கிற பெரிய குவாலி ஒரு வீட்டில், இட்லிச் சட்டி இன்னொரு வீட்டில். முறுக்கு அச்சு கனகம் அக்காவிடம் மட்டும்தான். சாமான்கள் வீடு வீடாகச் சுற்றும் என்பதால் ஆளுக்கு ஒரு நிறம் வைத்திருந்தோம். மரத்துக்கு நம்பர் போட்டு மிஞ்சிய பெயிண்டை அப்பா கொண்டுவருவார். எங்களுக்கு நீலம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. தீபாவளிக்குக் கனகம் அக்கா வீட்டிலிருந்து வந்த பாத்திரம் கிறிஸ்துமஸ்வரை எங்கள் வீட்டில் தங்கும். அன்றைக்கு எங்கள் பலகாரத்தோடு திரும்பிப் போகும். நாங்கள் அனுப்பும் நீலப்புள்ளித் தட்டு பொங்கலுக்குத்தான் வீடு வந்து சேரும். ஆக, வருஷக் கடைசியில் எங்கள் சாமான் எங்கள் வீட்டிலேயே இருந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா பின்வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார்.

"கனகம்! அச்சு எங்க?"

"எங்கூட்டுல இல்லக்கா! கடைசி வீட்டுக்குப் போயிருக்கு, அங்க கேளுங்க!"

கேட்கப் போன அம்மா அங்கேயே எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து அவர்களுக்குப் பாதி முறுக்கைச் சுட்டுக் கொடுத்துவிட்டு, அச்சை மறந்துவிட்டு வருவார். நாங்கள் டென்ஷன் இல்லாமல் வாழ்ந்தோம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். யார் குவாலியை யார் கரியாக்கியது என்று சண்டை நன்றாகவே நடக்கும். சண்டை போடவும் அப்போது பக்கத்தில் ஆள் இருந்தது.

ஒரு வருஷம் தீபாவளி முடிந்த கையோடு தோட்டத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். கனகம் அக்கா குடும்பம் தெலுக் இந்தான் பக்கம் சொந்தக்காரர்களைத் தேடிப் போனது. லாரியில் சாமான் ஏற்றும்போது எங்கள் வீட்டில் தங்கிவிட்ட அச்சை அம்மா எடுத்துக்கொண்டு ஓடினார். கூட வைத்துக் கொடுக்க வீட்டில் அன்று ஒன்றுமே இல்லை.

"வெறுங்கையோட குடுக்காதக்கா. கிறிஸ்துமஸுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு வா. நான் எங்க போயிறப் போறேன்" என்றார் கனகம் அக்கா.

லயத்துப் பேச்சு அது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஆளிடம் சொல்வது. அம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டார். போகிற இடத்து விலாசத்தை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாவுக்குப் பிறகு அச்சு ரோசலின் கைக்கு வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் ஈடு முறுக்கைத் தனித்தட்டில் எடுத்து, "இது கனகம் அக்காவுக்கு" என்பாள். அவர் முகத்தை இவள் பார்த்ததுகூட இல்லை. சாயங்காலம் அதையும் நாங்களே தின்றுவிடுவோம்.

அச்சுக்கு என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு 'கனகம் அக்காவுடையது' என்று எழுதி ஒட்டி, மேல் தட்டில் வைத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஆட்கள் வந்தார்கள், போன வருஷம் அளவுக்கு இல்லை என்றாலும். சாப்பாடு வெளியே சொல்லி வாங்கியது, முறுக்கு கடை முறுக்கு. எல்லாரும் எழுதியிருந்ததைப் படித்து, தட்டும் கரண்டியும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ரோசலின் இருந்தபோது குசினிக்குள் நாலு பெண்கள் நின்று, 'அக்கா, அந்த பெரிய கரண்டி எங்க லா?' என்று கத்திக்கொண்டிருப்பார்கள். அவளும் பதிலுக்குக் கத்துவாள். ஹாலில் பேசிக்கொண்டிருக்கும் ஆண்களுக்குக் காது அடைக்கும். இந்த முறை எல்லாரும் ஹாலிலேயே மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஷீலாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா பா? ஒரு ஆளுகூட ஒங்களக் கூப்பிடல." பிறகு மேல் தட்டைப் பார்த்து, "யாரு பா கனகம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அவள் வரவேற்கப் போய்விட்டாள்.

கோப்பெங் பக்கம் போகும்போது நான் இப்போதும் அந்தத் திருப்பத்தைப் பார்ப்பேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கட்டிய அந்த வீடுகளும் இல்லை, கூப்பிட்டவர்களும் இல்லை.

சாயங்காலம் எல்லாரும் போனபின் தேநீர் போடப் போனேன். மாடியில் ஷீலா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், மறுநாள் காலை பஸ். அலமாரியைத் திறந்தேன். கண்ணுக்கு நேரே வெள்ளை ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 'சீனி'. அதைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டேன்.

"சீனி எங்க?"

மாடியிலிருந்து உடனே பதில் வந்தது.

"அதான் எழுதி ஒட்டியிருக்கே பா!"

உண்மைதான். என் கையெழுத்துதான். தெளிவாகத்தான் இருந்தது.