இரண்டாம் முறை அறிவிப்பு

புதன்கிழமை சாயங்காலம் ஆனால் பல் டாக்டரின் காத்திருப்பு அறை கவிதை மேடையாகிவிடும். பகலில் வாயைத் திறக்கப் பயந்து நடுங்கிய அதே ஜனம், விளக்கு போட்டதும் வந்து வாயை மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து வாசிக்கலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். அதைத் தாண்டினால், நோயாளியைக் கூப்பிட வைத்திருக்கும் மணியை டாக்டர் ணங்கென்று தட்டுவார். கடைவாய்ப்பல் படத்துக்குக் கீழே எத்தனையோ காதல் தோல்விகள் பாதியிலேயே அடங்கியிருக்கின்றன.

அங்கேதான் ஒரு வாரம், ‘மைக்கு’ என்று ஊரே கூப்பிடுகிறவள் வந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்த பிறகு அது யாருக்கும் நினைவில்லை. அவள் குரல் லேசுப்பட்டதா? மூன்றாம் நடைமேடையில் சுருண்டு கிடக்கும் நாய், வண்டி ஐந்துக்கு மாற்றப்பட்டுள்ளது என்று அவள் சொன்னால் எழுந்துபோய் ஐந்தில் படுக்கும். நாத்தனாரோடு சண்டை போடவென்றே பெட்டியோடு கிளம்பிய ஒருத்தி, ‘பேருந்து ரத்து’ என்று இவள் சொன்ன தோரணையில் சண்டையையும் ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போனாளாம். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும்: முதல் முறை காதில் விழ, அடுத்தது புத்தியில் ஏற.

வீட்டில் அந்தக் குரலை அவள் எடுப்பதில்லை. அங்கே சன்னமாகத்தான் பேசுவாள். புருஷன் தொலைதூர பஸ் டிரைவர். ரோட்டில் கண்ணிமைக்காத மனுஷன், தலையணையைக் கண்டால் போச்சு. “என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்பாள். “ம்” என்பார். அடுத்த ‘ம்’ குறட்டையாக வரும்.

அவள் கேட்க நினைத்தது பெரிய விஷயமில்லை. நாள் முழுக்க ஊர்ப் பெயர்களாகச் சொல்லித் தள்ளுகிறவள், அதில் ஒரு ஊரைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அவர் ஓட்டும் வண்டியில், முன்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே ஒரு தரம் போய்வர வேண்டும். கல்யாணமான நாளாக இந்த ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கடைசியில் அதைக் கவிதையாக எழுதினாள்.

“மேடையில நின்னு சொன்னாலாவது தூங்காம கேப்பீங்களா?”

“நாலு பேர் முன்னாடி தூங்குவேனா? என்னைய என்னன்னு நெனச்ச?” என்று வீறாப்பாகக் கூடவே வந்தார் டிரைவர்.

மைக்கு எழுந்து நின்றாள். காகிதத்தைப் பிரித்தாள். வீட்டுக் குரலில், “வாசல் விளக்கை அணைக்கவில்லை நான்...” என்று ஆரம்பித்தாள். கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. சுத்தமான, சீரான குறட்டை.

“யாருப்பா அது, பின்பாட்டு?” என்றார் மெத்தைக் கடைக்காரர். அறை குலுங்கிச் சிரித்தது.

மைக்குவுக்குச் சுருக்கென்றது. காகிதத்தை மடித்தாள். தொண்டையைச் செருமினாள். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு!”

டிரைவர் துள்ளி எழுந்து சட்டைப்பையில் சாவியைத் தேடினார். மெத்தைக் கடைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பாதி மாடிப்படி இறங்கிவிட்டார். ஆள் விட்டுக் கூப்பிட வேண்டியதாயிற்று.

“மாலை ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்த டிரைவர், ஆறு ஐந்துக்கே தூக்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.” இன்னொரு முறை அதையே சொன்னாள், பழக்கதோஷம். “அவரோடு பேச வந்தவர், அடுப்படி நடைமேடையில் காத்திருக்கிறார்.” அதுவும் இரண்டு முறை. டிரைவருக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. “அவர் கேட்க நினைப்பது என்னவென்றால்...”

ணங்!

“டாக்டர், நடுரோட்டுல வண்டிய நிறுத்துறீங்களே!” என்றார் டிரைவர்.

“விதின்னா விதிதான். அஞ்சு நிமிஷம் ஆச்சு. எல்லாத்தையும் ரெண்டு தடவ சொன்னா நான் என்ன பண்றது?”

“ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னுதானே சொன்னீங்க? நானும் ஆள்தான். என்னோடத அவளுக்குக் குடுங்க.”

டாக்டர் பல் தெரியச் சிரித்து மணியைக் கீழே வைத்தார்.

“ஊர்ப் பெயர்களைச் சொல்லியே காலம் தள்ளும் ஒரு பயணிக்கு, டிரைவரின் வண்டியில் முன்பக்க ஜன்னலோர இருக்கை ஒன்று வேண்டும்.” சொல்லிவிட்டு உட்காரப் போனாள். கை தட்ட ஆரம்பித்தவர்களை டிரைவர் கையமர்த்தினார்.

“ஏம்மா, இன்னொரு தடவ சொல்லு.”

“ஏன், காதுல விழலையா?”

“விழுந்துச்சு. நீ ரெண்டாவது தடவ சொல்லாம என்னிக்கு நான் வண்டிய எடுத்திருக்கேன்?”

சொன்னாள். குரல் கொஞ்சம் பிசிறியது.

அடுத்த புதன்கிழமை எல்லாரும் ஒவ்வொரு வரியையும் இரண்டிரண்டு தரம் வாசித்தார்கள். அதுதான் இப்போது பாணியாம். டாக்டரின் மணிக்கு ஓய்வே இல்லை. அதைக் கேட்க மைக்கு அங்கே இல்லை. லீவு போட்டுவிட்டு முன்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முதல் ஊர் வந்தது, எட்டிப் பார்த்தாள். இரண்டாவது ஊருக்கு முன்னால் ஒரு பெரிய பாலம்.

“அதோ பாரு, ஆறு! எத்தனை தடவ சொல்லியிருக்க இந்த ஊர் பேர!” என்றார் டிரைவர்.

“ம்” என்றாள் மைக்கு. ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. அடுத்த ‘ம்’ குறட்டையாக வந்தது.

டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு...”