பின்வாங்க விடாத விதி

ஓய்வுபெற்ற பிறகு, கோட்டாறு வீட்டில் கணினிப் போர் விளையாட்டின் விதிகளை மாற்றிப் பார்ப்பதே என் பொழுதுபோக்கு. அன்று என் படையில் நாற்பது வீரர்கள். பின்வாங்க அனுமதிக்கும் விதியை நீக்கினால் ஜெயிக்கலாம் என்று நீக்கினேன்.

முப்பத்தொன்பது பேர் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். கடைசி வீரன் முகாமை நோக்கித் திரும்புவான். அந்த விதி இல்லாததால் விளையாட்டு அவனை மறுபடியும் களத்துக்கே திருப்பும். பதினேழு முறை எண்ணினேன். பிறகு அவனும் விழுந்தான்.

வளைகுடாவில் இருக்கும் என் மகன் மூன்று முறை, "முடியலப்பா, ஊருக்கு வந்துரட்டா?" என்று கேட்டிருந்தான். "ஊரு சிரிக்கும்லே, பல்லக் கடிச்சுட்டு நில்லு" என்று மூன்று முறையும் சொல்லியிருந்தேன்.

உடனே அவனை அழைத்தேன். "மக்கா, கெளம்பி வந்துருலே."

"பாஸ்போர்ட்ட போன வாரம் மொதலாளி பிடுங்கி வச்சுட்டாம்ப்பா. மொத தடவையே சொல்லியிருக்கப்பிடாதா?"

விளையாட்டில் அந்த விதியைத் திரும்பச் சேர்க்க எனக்கு நான்கு நொடிதான் ஆனது.