சிக்னலைத் தேடிப் போன தூரம்

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போயிருந்தேன். வழக்கம்போல கேட்டிலேயே என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆலை அலுவலகத்து லினக்ஸ் லேப்டாப்பில் சிம் போட்ட டாங்கிளைச் செருகினால், நெட்வொர்க்கைத் தேடித் தேடிக் கடைசியில் 'எதுவும் இல்லை' என்றே காட்டியது. மோடத்துக்கான சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அப்போதும் பட்டியல் காலி.

சிக்னல்தான் குறைவு என்று முடிவுகட்டி, லேப்டாப்பை ஏந்திக்கொண்டு வெளியே நடந்தேன். திரையில் ஒரு நெட்வொர்க்கின் பெயர் வந்தது. இன்னும் கொஞ்சம் நடந்ததும் இன்னொன்று. சந்தோஷத்தில் எவ்வளவு தூரம் போனேன் என்று கவனிக்கவில்லை.

"அண்ணே, அங்கனயே நில்லுங்க."

வெடிமருந்து கலக்கும் அறை வாசலில் ஒரு பெண் வெறுங்காலோடு நின்றார். முழங்கை வரை அலுமினியப் பொடி. உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்காக, உள்ளே போகுமுன் அவர்கள் தொடும் செம்புத் தகட்டின் மேல் அவர் கை இருந்தது.

"போனைக் கேட்லயே குடுத்துட்டேம்மா," என்றேன்.

"இதுல சிம்மு இல்லையா? உள்ள மூணு பேரு இருக்காக. எதையும் பிடுங்காதீக, ஒரு பொறி பறந்தாலும் போச்சு. அப்படியே திரும்பிப் போங்க."

அவர் சத்தம் போடவே இல்லை. டாங்கிளின் விளக்கு மினுங்க மினுங்க, ஒவ்வொரு அடியாக வைத்துத் திரும்பினேன்.

அலுவலகத்தில், "டாங்கிள் போயிருச்சு, புதுசு வாங்குங்க" என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பெண்ணும் யாரிடமும் சொல்லவில்லை போலும். அடுத்த மாதமும் என்னையே கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

இப்போதும் திரையில் 'தேடுகிறது' என்று வந்தால், என் கால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்கிறேன்.