இரண்டாவது உறை

ஒரே மாத்திரைகள், இரண்டு பிளாஸ்டிக் உறைகள். ஒன்றில் அக்காவின் பெயர் இருந்தது. மற்றதில் ‘கணவர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையின் கழிப்பறையில் அக்கா அவற்றை என்னிடம் காட்டியபோது, அவரைப் பயமுறுத்தியது அந்த இரண்டாவது உறைதான்.

நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அவர் எங்கள் லைன் லீடர், உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளர். ஓவர்டைம் சம்பளத்தில் கைவைத்தால் மேனேஜரின் அறைக்கே போய் நிற்பவர். அப்படிப்பட்டவர் வெள்ளைப்படுதலை மட்டும் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டார். நாற்றம் தாங்க முடியாமல் போனபிறகுதான் கம்பெனி கிளினிக்குக்குப் போனார். அங்கே டாக்டர் அவரைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. சோதனைக்கு அனுப்பவும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே நாலு கேள்வி கேட்டார். “இது புருஷன் பொண்டாட்டிக்குள்ள பரவுற நோய். அவரும் சாப்பிடணும்,” என்று அனுப்பிவிட்டார்.

அக்காவின் கணவர் லாரி ஓட்டுபவர். உறையைப் பார்த்ததும், “எனக்கு ஒன்னுமில்லையே. அப்ப நீ எங்கேருந்து வாங்கிட்டு வந்த?” என்றார். இரண்டு உறைகளையும் சாக்கடையில் எறிந்தார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார். அக்கா ஒரு பையோடு என் அறைக்கு வந்து சேர்ந்தார்.

மருந்து சாப்பிடாததால் தொல்லை நிற்கவில்லை. கடல் பாலத்தைக் கடந்து, தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் டாக்டர் முறையாகப் பார்த்தார். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பால்வினை நோய் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. உடம்பில் இயல்பாகவே இருக்கும் கிருமிகளின் சமநிலை குலைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சோதனை வசதி இல்லாத இடங்களில் அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பது உண்டு என்றார் அவர். காத்திருந்தால் நோய் முற்றிவிடும், மற்றவருக்கும் பரவிவிடும். அது எனக்கும் நியாயமாகவே பட்டது. “ஆனா வெள்ளைப்படுதல மட்டும் வச்சு சொல்றது அடிக்கடி தப்பாப் போகும்,” என்றார். எல்லா டாக்டருக்கும் இது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். என் கோபம் அங்கேதான் பிறந்தது. இன்றுவரை அது தணியவில்லை.

செய்தி கேட்டு அக்காவின் நாத்தனார் வந்தார். “பேப்பர்ல ஒன்னுமில்லன்னு வந்துருச்சாமே. தம்பி கூப்புடுது, வா லா.”

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “பேப்பர் சொன்னா நம்புவாரு, நான் சொன்னா நம்பமாட்டாரு. அப்ப அந்தப் பேப்பரையே கூட்டிட்டுப் போங்க. அது குடும்பம் நடத்தட்டும்.”

அக்கா திரும்பிப் போகவில்லை. இப்போது புக்கிட் மெர்தாஜாமில் தனியாக வீடு எடுத்திருக்கிறார். வேறு தொழிற்சாலையில் வேலை. கணவர் மறுமணம் செய்துகொண்டார். அவரைப் பற்றி ஊரில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணச் சாப்பாட்டில், அக்கா எழுந்து கைகழுவப் போனதும் பக்கத்திலிருந்தவள் என் காதருகே குனிந்தாள். “இவங்களுக்குத்தானே அந்த நோய் வந்துச்சு?” இல்லை, சோதனையில் எதுவும் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

“யாருக்குத் தெரியும் லா,” என்றாள்.

அந்தக் கிளினிக் டாக்டருக்கும் அன்று தெரியாது. அதை அவர் அக்காவிடம் சொல்லியிருக்கலாம்.