நீர்நாய்களுக்காகக் கோப்பு எழுதியவர்

பழனியம்மாள் மேடம் காலமான செய்தி வந்தபோது நான் சங்ககிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் பார்த்துத் திருத்தித் தர வேண்டிய முன்மொழிவில் என் பகுதியைத்தான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் பேசினார். "சார், காத்தால எந்திரிக்கவே இல்லீங்க. அவ போயிட்டாளுங்க" என்றார். அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னது, "ஐயோ, அடுத்த புதன்கிழமை கூட்டமாச்சே" என்று. அவர், "அந்தக் கோப்பு மேசை மேலதானுங்க இருக்குது. வந்து எடுத்துக்குங்க" என்றார். இந்த அஞ்சலியைப் படிக்கும், மேடத்தை அறிந்த உங்களிடம் இதை மறைக்கத் தோன்றவில்லை. எழுதும்போது இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்களில் பலருக்கு அவர் சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் திட்டப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவர். எனக்கு அவர் காவிரியின் நீர்நாய்களுக்காக ஆறு வருடம் கோப்பு எழுதியவர். நான் குமாரபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை நாட்களில் ஆற்றோரம் நீர்நாய் பார்க்கப் போவேன். அப்படிச் சேர்த்த குறிப்புகளையெல்லாம் வண்ணப் படங்களோடு தடித்த அறிக்கையாக்கி, முதன்முதலில் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "படிக்க நல்லா இருக்குதுங்க சார். ஆனா நீங்க என்னத்தக் கேக்கறீங்கன்னு இதுல எங்கீங்க இருக்குது?" என்றார். இருக்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆற்றைப் பார்க்காமல் கோப்பு எழுத மாட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு வந்து இறங்கினார். வெயில் ஏறும்வரை நாணல் மறைவில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நீர்நாய்கூடத் தலைகாட்டவில்லை. பாறைமேல் மீன் செதில் மின்னக் கிடந்த எச்சத்தைத்தான் காட்ட முடிந்தது. "இதையா சார் அத்தாட்சின்னு மேல அனுப்பறது?" என்று சிரித்தார். அப்போதுதான் பரிசலில் மீன் பிடிக்கும் மாரப்பன் கிழிந்த வலையோடு கரையேறினார். "குடும்பத்தோட வந்து கிழிச்சுப்போட்டுப் போகுதுங்க. எத்தன நாளைக்குத்தான் பொறுக்கறது? ஒரு நாளைக்கு வெடியப் போட்டுருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். நான் இதைப் பல தடவை கேட்டுக் காதில் வாங்காமல் விட்டிருக்கிறேன். மேடம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எத்தனை மாதத்துக்கு ஒரு வலை போகிறது, வேறு யார் யாருடைய வலை கிழிகிறது என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். திரும்பும் பேருந்தில், "உங்க நீர்நாய்க்கு ஒரு கொறையும் இல்லீங்க சார். அந்தாளோட பொறுமையிலதான் அது உசுரோட இருக்குது. அந்தப் பொறுமை தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அப்படித்தான் அந்த முன்மொழிவு பிறந்தது. கிழிந்த வலைக்கு அரசே புது வலை தர வேண்டும். மீனவர்களில் ஒருவரையே ஆற்றுக் காவலராக வைக்க வேண்டும். நீர்நாய் குட்டி போடும் மணல் திட்டுகளையும் நாணல் புதரையும் யாரும் தொடக் கூடாது. இவற்றை ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இவ்வளவுதான்.

படிவத்தில் "தற்போதைய அபாய நிலை" என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் சண்டை அந்தக் கட்டத்தில் வந்தது. அழிகிற உயிருக்குத்தான் நிதி கிடைக்கும் என்று விவரம் தெரிந்த ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு, "வேகமாக அழிந்து வருகிறது" என்று எழுதிவிட்டேன். மேடம் என் கண்ணெதிரே அதை அடித்தார். "போன வாரந்தான குட்டி போட்டிருக்குதுன்னு போன் பண்ணி அந்தக் குதி குதிச்சீங்க?" என்றார். உண்மையைச் சொன்னால் பணம் வராது என்று குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. "நாளைக்கு நெசமாலுமே கொறைஞ்சுதுன்னா அப்ப எந்த வார்த்தையச் சார் எழுதுவீங்க? இருக்கறத இன்னைக்கே செலவு பண்ணிப்போட்டீங்களே" என்றார். "நல்ல நிலையில் உள்ளது, அப்படியே காக்கத் திட்டம் தேவை" என்று அவர் கையாலேயே எழுதினார். கோப்பு நான் பயந்த மாதிரியே திரும்பி வந்தது. இனம் நல்ல நிலையில் இருப்பதால் தற்போது நிதி தேவைப்படவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஆறேழு மாதம் அவரோடு பேசவில்லை. முட்டாள்தனமான வீம்பு அது.

நான் முறைத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. மீனவர் நலனுக்கான வேறொரு தலைப்பில் வலைப் பகுதியை மட்டும் பிரித்து அனுப்பியிருக்கிறார். அதற்கான கூட்டத்துக்கு என்னை அவரே கூப்பிட்டார். மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, "நீர்நாய்கள் நன்றாகத்தானே இருக்கின்றன, பிறகு எதற்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். லாரிக்காரர் மனைவியான, வண்டித் தகுதிச் சோதனைகளை வருடந்தோறும் பார்த்த மேடம் எழுந்தார். "ஏனுங்க சார், பிரேக் நல்லாப் புடிக்கறப்பத்தானுங்களே லாரிய எஃப்.சி.க்குக் கொண்டுபோறோம்? மோதுன பொறகு கொண்டுபோனா அது காயலாங்கடைக்குத்தானுங்களே போகும்?" என்றார். கூடம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். வலைக்கு மட்டும், ஒரே ஒரு வருடத்துக்கு, ஒப்புதல் கிடைத்தது. மாரப்பன் புது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன அன்று, மேடம் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். "அடுத்த வருசம் என்னங்க பண்றது?" என்றுதான் கேட்டார்.

அந்த ஒரு வருடம் இப்போது முடியப்போகிறது. மாரப்பனின் வலை மறுபடியும் கிழிந்துவிட்டது. பார்க்கும்போதெல்லாம், "மேடம் எழுதியிருக்காங்கன்னுதான் கம்முனு இருக்கறனுங்க" என்பார். ஓய்வு பெற்ற பிறகும், சம்பளம் இல்லாமல், ஐந்து வருடத் திட்டத்தை முழுதாக எழுத அவர் உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். இறப்பதற்கு நான்கு நாள் முன்னால் போன் செய்தார். "குட்டிங்க இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார். நாலு குட்டி, நன்றாக நீந்துகின்றன என்றேன். "அப்படின்னா உங்க பகுதியச் சீக்கிரம் எழுதுங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும், குட்டிகள் இல்லை என்று கேட்டால்தான் அவசரப்படுவார்கள்.

மாரப்பனிடம் சாவுச் செய்தியை நான்தான் சொன்னேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இனி ஆருங்க எழுதறது?" என்று கேட்டார். நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. அவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

நேற்றுக் காலை ஆற்றுக்குப் போயிருந்தேன். நாலு குட்டிகளும் தாயோடு திட்டின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. முன்பெல்லாம் இதைப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது. நேற்று, இவற்றில் எத்தனை அடுத்த வருடம் இருக்கும் என்றுதான் கணக்குப் போட்டேன். எல்லாம் நன்றாக இருக்கும்போதே பயப்படுவது மேடத்தின் குணம். அதைத்தான் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்து, "நல்ல நிலையில் உள்ளன" என்று எழுதினேன். புதன்கிழமை அந்த அதிகாரிகள் முன்னால் நான் தனியாக எழுந்து நிற்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்பார்கள். ஆமாம் என்றுதான் நான் தொடங்கப்போகிறேன்.