அத்தான் வயிற்றுக் குடித்தனக்காரன்

நான் முதலில் சந்தேகப்பட்டது இன்வெர்ட்டரை. தாராவியில் எங்கள் வீட்டில் கீழே என் தையல் கூடம், மேலே குடித்தனம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கிருந்தோ ‘பீப்’ என்று மெல்லிய சத்தம். எனக்கு இந்த மாதிரிச் சத்தங்கள் அறவே ஆகாது. இன்வெர்ட்டரை அணைத்தேன், நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று உட்கார்ந்தால் பன்னிரண்டு மணிக்கு மறுபடியும். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு மணிக்கு மறுபடியும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் போன்தான் உயிரை வாங்குகிறது என்று சண்டைக்கே போய்விட்டேன். அந்த மனிதர் அணைந்து கிடந்த தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அசடு வழியத் திரும்பி வந்தேன்.

இரண்டு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் வந்ததும் அத்தான் சோற்றுக் கையை அப்படியே நிறுத்தி, இடது கையை வயிற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “யாரையும் ஏசாத மாப்ளே. என் குடித்தனக்காரன்லா கத்துதான்.”

அத்தான் என் அக்காவின் கணவர், எங்கள் கூடத்தின் கட்டிங் மாஸ்டர். லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து அவர் கால்கள் அவருடையவையாக இல்லை. மரக்கட்டையாக விறைக்கும், திடீரென்று வெட்டி இழுக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு லுங்கி மாற்றிவிட அக்காவும் நானும் சேர்ந்து மல்லுக்கட்டுவோம். மாத்திரைகள் தூக்கத்தைத்தான் தந்தன. கடைசியில் வயிற்றுத் தோலுக்கடியில் வட்டமாக ஒரு பம்ப் வைத்தார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக மருந்து சொட்டுச் சொட்டாகத் தண்டுவடத்துக்குப் போகும். கால்கள் இளகின. சக்கர நாற்காலியில் மேஜையோரம் உட்கார்ந்து மறுபடி துணி வெட்டினார். “பம்பாய்ல ஒருத்தனுக்கும் எடம் கெடைக்க மாட்டேங்கு, இவனுக்கு மட்டும் என் வயித்துல ரூம் கெடச்சிருக்கு பாரு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்.

அந்தக் குடித்தனக்காரனுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி வழியாக மருந்து நிரப்ப வேண்டும். தீரவே விடக்கூடாது, திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். குறையும்போது அது கத்தும் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் அக்கா காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்ட தேதிக்கு ஒருநாளும் தவறியதில்லை என்பதால், அதன் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

“தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்குல்லா?” என்றாள் அக்கா. எனக்கு அப்போதுதான் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. போன தடவை மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கூட்டினால் சீக்கிரம் தீரும், இதுதான் புதுத் தேதி என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒரு சீட்டை என் கையில்தான் கொடுத்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அந்தச் சட்டையோடு அந்தச் சீட்டும் துவைக்கப் போனது. காலண்டரில் பழைய வட்டம் அப்படியே இருந்தது.

சிஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் மராட்டிக்காரர், எங்களோடு இந்தியில் பேசுவார். என்னைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. “குஜ்லி ஹை க்யா?” என்றார். மருந்து நின்றால் உடம்பு அரிக்குமாம். அரிக்கிறதா என்று அத்தானைக் கேட்டேன். இல்லை. காய்ச்சல்? இல்லை. கால் விறைக்கிறதா? அக்கா முழங்காலை மடக்கிப் பார்த்தாள், மடங்கியது. “காலி நஹி ஹுவா பையா, ரிசர்வ் மே ஹை. ஆஜ் ஹி லேகே ஆவோ.” இன்னும் காலியாகவில்லை, இன்றைக்கே கூட்டிக்கொண்டு வா என்கிறார். ஸ்கூட்டர் ஓட்டுகிறவனுக்கு ரிசர்வ் என்றால் விளக்கம் வேண்டுமா? எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

செம்பூர்ப் பக்கம் ஆஸ்பத்திரி. டாக்ஸியில் அக்காவிடம் சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அத்தான்தான், “அவன ஏசாத. எனக்குள்ள இருக்கவன் கத்துதது எனக்கே தெரியல, அவனுக்கு எங்க தெரியும்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வரச் சொன்ன சிஸ்டரே காத்திருந்தார். ஊசியைச் செருகி, மிச்ச மருந்தை வெளியே இழுத்துக் காட்டினார். ஊசிக் குழலின் அடியில் கொஞ்சம்போல நின்றது. நான் தெய்வத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன். புது மருந்தை நிரப்பி, வயிற்றின்மேல் ஒரு கருவியை வைத்து அலாரத்தை அடக்கினார். புதுத் தேதியை அக்கா கையில் கொடுத்தார். நியாயம்தானே.

இப்போது புதுத் தேதியை அக்கா காலண்டரில் போடுவாள், அத்தான் தன் போனில் போடுவார், நான் கட்டிங் மேஜையில் சாக்பீஸால் எழுதுவேன். போன வாரம் மின்சாரம் போன கொஞ்ச நேரத்தில் ‘பீப்’ என்றது. மாடிப்படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கூடத்தில் எல்லோரும் பார்க்க, மண்டியிட்டு அத்தான் வயிற்றில் காதை வைத்தேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

“நம்மாளு இல்ல மாப்ளே. மேல போய் இன்வெர்ட்டரப் பாரு.”

இன்வெர்ட்டரேதான். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அணைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன்.